காட்ஸ்வோல்ட்ஸ் கிராமங்கள்: டூர் பஸ்ஸை விட 801 ஊர் பஸ் மேல்

மே, ஜூனில் பிள்ளைகளைப் பார்க்க லண்டன் கிளம்பும் சென்னைப் பெற்றோரின் பட்டியலில், பழைய கல் வீடுகளுக்குப் பெயர்போன இங்கிலாந்துக் கிராமப்புறமான காட்ஸ்வோல்ட்ஸ் அநேகமாக இருக்கும். இங்கே பேக்கேஜ் போடும்போதே 'ஒரே நாளில் நாலு கிராமம்' என்று பஸ் டூரையும் சேர்த்துத் தலையில் கட்டிவிடுகிறார்கள். நடக்கத் தெம்பு இருப்பவர்கள் அந்தப் பணத்தை மிச்சம் பிடித்து, ரயிலிலும் ஊர் பஸ்ஸிலும் போவதே நல்லது.

டூர் பஸ்ஸின் குறை கணக்கிலேயே தெரிந்துவிடும். லண்டனிலிருந்து போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், திரும்பவும் அதே. ஊருக்கு ஊர் குறுகலான, வளைந்து நெளியும் சாலை. பத்து மணி நேரத்தில் பாதி சீட்டிலேயே போய்விடும். ஒவ்வோர் ஊரிலும் முக்கால் மணி நேரம் இறக்கிவிடுவார்கள். கழிவறை வரிசையில் நின்று, ஒரு டீ குடித்து, படம் எடுத்தால் ஹாரன் அடித்துவிடுவார்கள். கூட்டம் தாங்காமல் பைபரி, போர்ட்டன் போன்ற ஊர்களில் பெரிய பஸ் நிறுத்துவதும் சிக்கலாகி வருகிறது. அதனால் பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை சீட் வண்டி? பைபரியில் இறக்கிவிடுவார்களா, ஜன்னல் வழியாகக் காட்டுவார்களா?

இனி ரயில். லண்டன் பாடிங்டன் ஸ்டேஷனிலிருந்து காட்ஸ்வோல்ட்ஸில் உள்ள மோர்ட்டன்-இன்-மார்ஷுக்கு நேர் ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம், சில ரயில்களில் கொஞ்சம் கூடும். பலகையில் வூஸ்டர் அல்லது ஹெரிஃபோர்ட் என்று இருக்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டோடு நின்றுவிடும் ரயிலில் ஏறிவிடாதீர்கள். மூன்று முதல் ஒன்பது பெரியவர்கள் சேர்ந்து போனால் 'குரூப்சேவ்' என்று கேளுங்கள். எந்த அட்டையும் வேண்டாம், மூன்றில் ஒரு பங்கு குறையும். வாரநாள் காலை நெரிசல் நேரத்துக்கு இது செல்லாது. சனிக்கிழமை அந்தத் தொல்லை இல்லை.

மோர்ட்டனில் இறங்கி 801 பஸ். ஸ்டோ-ஆன்-த-வோல்ட் கால் மணி நேரம், போர்ட்டன்-ஆன்-த-வாட்டர் அரை மணி நேரம். ஒரு டிக்கெட் அதிகபட்சம் 3 பவுண்டு, கார்டைத் தட்டினால் போதும். நிறுத்தத்தில் கை நீட்டாவிட்டால் ஓட்டுநர் நிற்காமல் போய்விடலாம். பலர் மாட்டிக்கொள்வது திரும்பும்போதுதான்: கடைசி பஸ் சீக்கிரமே போய்விடும், ஞாயிற்றுக்கிழமை சேவை குறைவு. காலையில் இறங்கியதுமே எதிர்ப்புற நிறுத்தத்தின் அட்டவணையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பில் டாக்ஸி கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். அங்கே முந்தின நாளே சொல்லிவைத்தால்தான் வண்டி.

பஸ்ஸில் இரண்டே ஊர் போதும். ஸ்டோ சுமார் 800 அடி உயர மேட்டில் இருக்கிறது. ஜூனிலும் காற்று குளிரும், ஸ்வெட்டர் கட்டாயம். செயின்ட் எட்வர்ட் தேவாலயத்தின் வடக்கு வாசலுக்கு இருபுறமும் இரண்டு யூ மரங்கள் தூண்போல நிற்கின்றன, பார்க்காமல் வராதீர்கள். போர்ட்டனில் வின்ட்ரஷ் ஆற்றின் தாழ்ந்த பாலங்கள் அழகுதான், ஆனால் நண்பகலில் ரங்கநாதன் தெரு கூட்டம். குழந்தைகள் இருந்தால் 1937இல் திறந்த மாதிரி கிராமத்துக்கு டிக்கெட் எடுக்கலாம்: அந்த ஊரையே ஒன்பதில் ஒரு பங்கு அளவில் கல்லில் கட்டியிருக்கிறார்கள். பிறகு கூட்டத்தை விட்டு லோயர் ஸ்லாட்டருக்கு நடங்கள், முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். இன்னொரு மைல் நடந்தால் அப்பர் ஸ்லாட்டர். இரண்டு உலகப் போர்களுக்கும் போன அந்த ஊர் ஆட்கள் எல்லோரும் உயிரோடு திரும்பினார்கள். வயல் வழி என்பதால் மழை பெய்திருந்தால் சேறு. செருப்போடு போனால் பாதியில் திரும்ப வேண்டியதுதான்.

வீடுகளை நின்று பாருங்கள். தேன் நிறம் சுண்ணாம்புக் கல்லில் இருக்கும் இரும்பால் வருவது. தெற்கே போகப் போக வெளிறும். வெட்டும்போது மென்மையாக இருக்கும் கல், காற்றுப்பட்டு இறுகும். கூரைக் கல்வில்லைகள் கீழே பெரிதாகவும் உச்சியில் சின்னதாகவும் அடுக்கியிருக்கும். கல் தண்ணீரை உறிஞ்சும் என்பதால் மழை தங்காமல் ஓடக் கூரையைச் செங்குத்தாக வைத்தார்கள். இடைக்காலத்தில் ஆட்டுக் கம்பளியில் கொழித்த பகுதி இது. பைபரியின் 'ஆர்லிங்டன் ரோ' என்ற வீட்டு வரிசையே 1380இல் கம்பளிக் கிடங்காகக் கட்டி, 17ஆம் நூற்றாண்டில் நெசவாளர் வீடுகளானதுதான். பிறகு நிலக்கரி உள்ள வடக்குக்கு ஆலைகள் போய்விட்டன. இடித்துக் கட்ட இங்கே பணமில்லை, பழசு அப்படியே தங்கியது.

சாப்பாட்டில் கவனம் வேண்டும். பப்களின் சமையலறை பல இடங்களில் இரண்டரை மணிக்கு மூடிவிடும், ஒன்றரைக்குள் உட்கார்ந்துவிடுங்கள். சைவர்களுக்குச் சுட்ட உருளைக்கிழங்கும் பீன்ஸும் பெரும்பாலும் கிடைக்கும். சூப் இறைச்சிச் சாற்றில் செய்ததா, சிப்ஸ் மீன் பொரித்த எண்ணெயிலா என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இந்த நடை ஒத்துவராது. அவர்களும் லண்டனிலிருந்து பஸ் ஏற வேண்டாம். மோர்ட்டன் ஸ்டேஷனிலேயே ஏற்றிக்கொள்ளும் சிறிய வேன் டூர்கள் இருக்கின்றன.

இன்னொரு நாள் ஒதுக்க முடிந்தால் மோர்ட்டனுக்குச் சுமார் இரண்டு மைல் தள்ளியுள்ள செசின்கோட் மாளிகைக்குப் போங்கள். கிழக்கிந்தியக் கம்பெனியில் சம்பாதித்த சார்லஸ் காக்கரலுக்காக, அவர் சகோதரர் 1805 வாக்கில் முகலாய பாணியில் கட்டியது. செம்புக் குவிமாடமும் உண்டு. தோட்ட வேலையில் யோசனை சொன்னவர் தாமஸ் டேனியல், நம் மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பங்களை வரைந்த அதே ஓவியர். வாரத்தில் சில நாள்தான் திறப்பு, டிசம்பரில் மூடல். தேதி பார்த்துவிட்டு ரயில் டிக்கெட் எடுங்கள். ஓடைப் பாலத்தின் மேல் நந்திகள் படுத்திருக்கின்றன.