பூப்பள்ளத்தாக்கா, மியாரா: டெல்டாக் கால்களுக்கு எது தோது?

கும்பகோணம் பக்கம் எங்களுக்கு மலை என்றால் சுவாமிமலை. அதுவும் கட்டுமலை, 60 படி. அந்தக் கால்களோடு இமயமலைக்குக் கிளம்புகிறவர்கள் குழம்புவது இரண்டு இடங்களுக்கு நடுவில்: உத்தராகண்டில் வேலி ஆஃப் ஃபிளவர்ஸ் என்கிற பூப்பள்ளத்தாக்கு, இமாச்சலில் லாஹௌல் பகுதியின் மியார் பள்ளத்தாக்கு.

முதலில் மழை. பூப்பள்ளத்தாக்கு ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரை திறந்திருக்கும். ஆனால் பூக்கள் நிறைவது ஜூலை, ஆகஸ்டில், கொட்டும் மழையோடு. அங்கே போகும் பத்ரிநாத் சாலையில் மண் சரிந்தால் அன்றைய கணக்கு போச்சு. ஒரு ஆடியில் ஒன்றரை நாள் ஜீப்பிலேயே உட்கார்ந்து, கொண்டுபோன முறுக்கைத் தீர்த்தோம். மியார் மழை மறைவுப் பகுதி. அதே ஆடியில் பெரும்பாலும் வெயில். குறுவை நடவை முடித்துவிட்டு, சம்பா வேலை தொடங்குமுன் பன்னிரண்டு நாள் ஒதுக்குகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் மியாரில் தண்ணீர் வேறு வழியில் வரும். வெயிலில் பனி உருகி, காலையில் முழங்காலளவு ஓடும் ஓடை சாயங்காலம் இடுப்பைத் தொடும். முறை வைத்து விடும் வாய்க்கால் தண்ணீர் மாதிரி இதற்கும் நேரம் உண்டு. விடிந்ததும் கடந்துவிட வேண்டும். ஷூவைக் கழற்றிக் கழுத்தில் மாட்டி, வார் வைத்த செருப்போடு, முதுகுப்பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிட்டு இறங்குங்கள். பத்து அடி வைப்பதற்குள் பாதம் மரத்துவிடும். காவிரியில் நீந்திய பெருமை அங்கே செல்லாது.

அப்பா அம்மாவோடு போனால் பூப்பள்ளத்தாக்குதான். புல்னா கிராமம் வரை ஜீப், அப்புறம் தங்குமிடமான காங்கரியாவுக்கு நடை அல்லது கோவேறு கழுதை. அங்கே சீக்கியர்களின் குருத்வாராவில் சூடான ரொட்டியும் பருப்பும். பள்ளத்தாக்குக்குள் இரவு தங்க முடியாது. பக்கத்திலுள்ள சீக்கியர் புனிதத் தலமான ஹேம்குந்த் ஏற்றம் மட்டும் மூச்சு வாங்கும், 4,300 மீட்டருக்கு மேல்.

மியாரில் சாலை முடிந்தால் கடையும் முடிந்தது. அரிசி, கூடாரம் எல்லாம் குதிரைமேல்தான். ஆனால் பாதை ஆற்றோரமாக மெல்லத்தான் ஏறும். காங் லா கணவாய் தாண்டி லடாக்கின் சான்ஸ்கர் போகும் ஆசை முதல் தடவையே வேண்டாம். 5,400 மீட்டருக்கு மேல், வெடிப்பு விழுந்த பனியாறு.

பாறை ஏற வேண்டுமா? போட்டியே இல்லை, மியாரின் கிரானைட் சுவர்கள்தான். சிகரம் ஏற அனுமதி வாங்க வேண்டும்.

என் ஓட்டு மியாருக்கு, வழியில் கேலாங் ஊரில் இரண்டு இரவு தங்கி உயரத்துக்கு உடம்பைப் பழக்குவதாக இருந்தால். அதற்கு முன் பத்து கிலோ அரிசியை முதுகில் கட்டிக்கொண்டு திருச்சி மலைக்கோட்டையை மூன்று தடவை ஏறி இறங்குங்கள். மறுநாள் தொடை வலித்தால், டிக்கெட்டை ஒரு மாசம் தள்ளி எடுங்கள்.