உப்புவெளிப் போர் மயானம்: புதிய மயானத்துக்குக் காணி பார்க்கிறவர்களும் மறுக்கிறவர்களும் போய்ப் பார்க்க வேண்டிய இடம்

திருகோணமலையில் எந்தப் பக்கம் புதிய மயானத்துக்குக் காணி பார்த்தாலும், அளவுக்கல் நடுவதற்கு முன்பே அயலவர்களின் மறுப்புக் கடிதம் போய்விடும். வருவது இந்துக்களின் சுடலையோ கிறிஸ்தவர்களின் சேமக்காலையோ முஸ்லிம்களின் மையவாடியோ, பயம் ஒன்றுதான்: கிணறு கெடும், புகை வரும், காடு மண்டும், காணி விலை விழும். இவற்றில் எது நியாயமான பயம், எது அளந்து பார்த்தால் தீர்ந்துவிடும் என்று தெரிந்துகொள்ள, நிலாவெளி வீதியில் உப்புவெளியில் இருக்கும் பொதுநலவாயப் போர் மயானம் நல்ல உரைகல். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் இடம். வீதியோரத்தில், வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் நடுவில்தான் இருக்கிறது. அது அங்கே இருப்பதால் அயலில் யாரும் வீடு கட்டாமல் விடவில்லை.

பராமரிப்புக்கு முழுப் புள்ளி கொடுக்கலாம். வாசலில் நின்று புல்தரையைப் பாருங்கள். நினைவுக்கற்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு குழியையும் சுற்றிச் சீமெந்துக் கட்டு இல்லை. அதனால் புல்வெட்டும் இயந்திரம் வரிசைக்கு வரிசை தடையில்லாமல் ஓடும். நமது ஊர் மயானங்களில் நடப்பது வேறு. பெட்டி உக்கி இறங்க, முதல் மாரியிலேயே குழி மண் அரை அடி, ஒரு அடி தாழும். சுற்றிக் கட்டு இருந்தால் அந்தப் பள்ளம் தொட்டியாகிவிடும். மழைநீர் தேங்கும், நுளம்பு பெருகும். கட்டுகளுக்கு இடையில் இயந்திரம் நுழையாது, கத்தியால்தான் செதுக்க வேண்டும். கூலி கட்டுப்படியாகாததால் ஆண்டுக்கொரு தடவை துப்புரவு செய்வதோடு நின்றுவிடும். மீதி நாளெல்லாம் முள்ளும் பாம்பும்தான். "மயானம் வந்தால் காடாகும்" என்று ஊரார் சொல்வதில் பாதி உண்மை இந்தச் சீமெந்துக் கட்டில் இருக்கிறது. புதிய இடத்தில் கட்டுக்கு அனுமதி கொடுக்காமல் தலைமாட்டில் ஒரு கல் மட்டும் போதும் என்று முதல் நாளே எழுதிவைக்க வேண்டும். குழி மூடும்போது ஒரு அடி உயரத்துக்கு மண் குவித்து, முதல் மாரி கழிந்ததும் தாழ்ந்த இடத்தை நிரப்பிவிட வேண்டும்.

இந்த ஒழுங்கு தானாக வரவில்லை. இந்த இடத்தைப் பராமரிக்கும், 1917இல் தொடங்கிய பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழுவுக்கு பிரித்தானியா, இந்தியா உட்பட ஆறு நாடுகள் பணம் கொடுக்கின்றன. நமது உள்ளூராட்சி மன்றம் மதிலும் வாசலும் கட்டத்தான் பணம் ஒதுக்கும், காவலாளிக்கும் புல்வெட்டுக்கும் ஒதுக்காது. அயலவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான்: ஐந்தாம் ஆண்டில் சம்பளம் யார் கொடுப்பது?

தண்ணீர் விஷயத்தில் மட்டும் இந்த இடத்தை உதாரணம் காட்டக் கூடாது. அங்கே புதிதாக யாரையும் அடக்குவதில்லை. உடல்களிலிருந்து கசிவு வருவது பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளில்தான். புதிய மயானத்துக்கு அளவு வேறு. உலக சுகாதார நிறுவனம் 1998இல் வெளியிட்ட அறிக்கையின்படி குடிநீர்க் கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் 250 மீற்றர் வேண்டும், மற்ற நீரோட்டங்களுக்கு 30 மீற்றர். குழியின் அடிக்கும் நீர்மட்டம் ஏறக்கூடிய ஆகக்கூடிய உயரத்துக்கும் இடையில் ஒரு மீற்றர் மண் இருக்க வேண்டும். 250 மீற்றர் கேட்கச் சிறிதாகத் தெரியலாம். ஒரு புள்ளியைச் சுற்றி வட்டம் போட்டால் 48 ஏக்கருக்கு மேல் வருகிறது. உப்புவெளி, நிலாவெளி போன்ற மணல் கரையில், வீட்டுக்கு வீடு கிணறு உள்ள இடத்தில், அப்படி ஒரு வட்டம் கிடைப்பது கடினம். அங்கே காணி பார்ப்பதே வீண் வேலை.

காணியைச் சோதிப்பதில் பெரும்பாலும் பிழையாவது சோதிக்கும் மாதம். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் ஆடி, ஆவணியில் பத்தடி தோண்டினாலும் மணல் காய்ந்து கிடக்கும், அதிகாரிகள் கையெழுத்து வைப்பார்கள். அதே காணியில் மார்கழியில் ஐந்தடியில் தண்ணீர் நிற்கலாம். நல்ல மழை கழிந்த கிழமையில், காணியின் தாழ்ந்த மூலையில் ஒன்றும் மேட்டில் ஒன்றுமாகப் பத்தடிக் குழி தோண்டி, பலகை மூடி, ஒரு நாள் விட்டு அளக்க வேண்டும். பிரேதக் குழி ஆறடி, அதற்குக் கீழே ஒரு மீற்றர் என்றால் மூன்றே கால் அடி. ஆக ஒன்பதே கால் அடி ஆழத்துக்குள்ளேயே தண்ணீர் தெரிந்தால் அந்தக் காணி சரிவராது. மணலாக இருந்தால் குழியின் பக்கங்கள் சரிவதையும் அப்போதே பார்த்துவிடலாம். பலகை முட்டுக் கொடுக்காமல் ஆறடி வெட்டுகிறவரின் உயிருக்கே ஆபத்து.

மண் போட்டு உயர்த்தினால் சரி என்று சிலர் சொல்வார்கள். கணக்குப் பார்ப்போம். ஒரு ஏக்கரை நாலடி உயர்த்த 1,742 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) மண் வேண்டும். மூன்று கியூப் டிப்பரில் 580 நடை. அதோடு முடியாது. உயர்ந்த காணியிலிருந்து ஓடும் மழைநீர் பக்கத்து வளவுக்குள் இறங்கும், சுற்றி வடிகாலும் மதகும் இல்லாவிட்டால் வெள்ளம் அயலவர்களுக்குத்தான்.

காணி தேறினாலும் வேலை தொடங்குமுன் அயல் கிணறுகளின் தண்ணீரைப் பரிசோதித்து வைக்க வேண்டும். நைத்திரேற்று, அமோனியா, குளோரைட்டு, கோலிபோம் பக்டீரியா இந்த நாலும் போதும். நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மலகூடக் குழியிலிருந்தும் இதே நைத்திரேற்று, இதே கோலிபோம் வரும். முன்கூட்டிய அளவு கையில் இல்லாவிட்டால் பிறகு மயானத்தைக் குற்றம் சொல்லவும் முடியாது, அது குற்றமற்றது என்று காட்டவும் முடியாது. அதன்பின் ஆண்டுக்கு இரண்டு தடவை, மாரி முடிவிலும் கோடை முடிவிலும்.

அளவுகளைக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கொரோனா காலத்தில் நிலத்தடி நீரைக் காரணம் காட்டி முஸ்லிம்களின் பிரேதங்கள் எரிக்கப்பட்டன. 2021 மார்ச்சில்தான் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கம் செய்யத் தொடங்கினார்கள். முஸ்லிம்கள் நிறைய வாழும் மூதூர், கிண்ணியா மக்களிடம் போய் "தண்ணீர் கெடும்" என்று அளவு எதுவும் இல்லாமல் சொன்னால் அது வேறு விதமாகத்தான் கேட்கும். அந்த வேதனை நியாயமானது.

எரிக்கும் இடம் என்றால் காற்றைப் பார்த்தால் போதும்: கச்சானில் புகை வடகிழக்குப் பக்கம் போகும், வாடையில் தென்மேற்கு. வீடுகள் எந்தப் பக்கமோ அதற்கேற்பக் கொட்டகையை வைக்கலாம். காணியின் அளவுக்கும் ஒரு கணக்கு: பாதை, வடிகால், மரங்கள், வாகனத் தரிப்பிடம் என்று பத்தில் நாலு பங்கு போனால், 9 அடிக்கு 5 அடி வீதம் ஏக்கருக்கு 580 குழி.

போர் மயானத்துக்குப் போகிறவர்கள் செருப்போடு புல்லில் நடக்கலாம், கல்லில் ஏறக் கூடாது. மழை விட்ட மறுநாள் காலையில் போனால் நல்லது. தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் வடிகிறது என்று பார்த்து, நாடாவால் வரிசைகளின் இடைவெளியையும் அளந்துகொண்டு வாருங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தத் தாளை மேசையில் வைக்கலாம்.