சி மொழி மாறிலிகள்: ஒரு பில் நிரலோடு 12 வருஷம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் ஒரு பூஜைச் சாமான் கடைக்கு 2013-இல் சி மொழியில் பில் நிரல் எழுதிக் கொடுத்தேன். இன்றும் அதுதான் ஓடுகிறது. நினைவக முகவரியைச் சுட்டும் பாயின்டரைவிட என்னை அதிகம் படுத்தியது மாறிலிதான், அதாவது நிரல் ஓடும்போது மாறாத மதிப்பு.

அப்போது வாட் எனும் மதிப்புக் கூட்டு வரி 14 சதவீதம். வேண்டிய இடத்திலெல்லாம் 14 என்று வெறும் எண்ணாகவே எழுதிவிட்டேன். 2018 ஏப்ரல் 1 முதல் வரி 15 ஆனது. அன்று ஈஸ்டர் ஞாயிறு. ஈஸ்டர் விடுமுறையில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் வெள்ளிக்கிழமையிலிருந்தே கற்பூரம், தேங்காய் வாங்க வரிசையில் நின்றார்கள். சனி இரவு கடை அடைத்த பிறகு எல்லா 14-ஐயும் ஒரே மூச்சில் 15 ஆக்கினேன். இரண்டு வாரம் கழித்துக் கடைக்கார அண்ணன் கூப்பிட்டார்: "தம்பி, கடன் தவணை 14 நாள்தானே? பில்லில் 15 நாள்னு வருதே." வரியோடு தவணையும் சேர்ந்து மாறியிருந்தது.

அப்புறம்தான் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தேன். அதற்கு ஒரு வழி ஹாஷ் டிஃபைன் (#define). பெயர் வரும் இடத்திலெல்லாம் மதிப்பை ஒட்டும் வெறும் எழுத்து மாற்றம் அது. அதன் கடைசியில் ஒரு அரைப்புள்ளி தவறி விழுந்தால், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் வேறெங்கோ பிழை காட்டும். இன்னொரு வழியான கான்ஸ்ட் இன்ட் (const int) பார்க்க அழகு, ஆனால் சி தரநிலைப்படி அதை, மதிப்பைப் பார்த்து வழி பிரிக்கும் ஸ்விட்ச் கேஸில் போட முடியாது. முழு எண்ணுக்கு, முழு எண்களுக்குப் பெயர் சூட்டும் எனம்தான் (enum) என் கை பழகியது. சி மொழியின் புதிய தரநிலையான சி23-இல் மாறிலிக்கென்றே கான்ஸ்ட்எக்ஸ்பிர் (constexpr) வந்துவிட்டது. கடையில் இருப்பதோ பழைய கம்பைலர்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வரிசையாகத் தெரியட்டும் என்று பொருள் குறியீடுகளை 010, 025, 100 என்று எழுதியிருந்தேன். கற்பூரத்துக்கு 10 அடித்தால் அப்படிப் பொருளே இல்லை என்றது. சி-யில் முன்னால் பூஜ்யம் வந்தால் அது எண்ம எண், அதாவது பத்துக்குப் பதில் எட்டை அடியாகக் கொண்டு 0 முதல் 7 வரையிலான இலக்கங்களால் எழுதும் எண். 010 என்றால் 8, 025 என்றால் 21. 008 என்று ஒன்று இருந்திருந்தால் கம்பைலரே தடுத்திருக்கும், 8 எண்ம இலக்கம் இல்லையே. அரை நாள் போனது.

2025 மே 1 முதல் வரி 15.5 ஆகும் என்று அறிவித்தார்கள். எனத்தில் அரை நிற்காது என்பதால் விகிதத்தை ஆயிரத்துக்கு 155 என்று எழுதி, வகுக்கும் 100-ஐ 1000 ஆக்கினேன். ஏப்ரலில் அரசு அதைக் கைவிட்டதும் 150 என்று மாற்றினேன், நிரலில் ஒரே இடத்தில். கடன் தவணை 14-லேயே இருந்தது.