போலி நண்பர்களா, பாகப்பிரிவினைச் சொற்களா? பிரெஞ்சுக்காரர்களை அதிகம் இடறுவது எது?

பாரிஸ் மாணவர் ஒருவர் காலையில் பரீட்சை எழுதிவிட்டு வருகிறார். மாலையில் தன் ஆங்கிலேய நண்பரிடம் "ஐ பாஸ்ட் மை எக்ஸாம்" என்கிறார். நண்பர் கைகுலுக்கி வாழ்த்துகிறார். விடைத்தாள் இன்னும் திருத்தப்படவே இல்லை! பிரெஞ்சில் 'பாசே' என்றால் பரீட்சை எழுதுவது, அவ்வளவுதான். தேறுவதற்கு 'ரெயுசீர்' என்று வேறு சொல் இருக்கிறது.

பிரெஞ்சு பேசுபவர் ஆங்கிலம் கற்கும்போது விழுகிற பள்ளங்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, மேலே பார்த்தது போல, இரண்டு மொழியிலும் ஒரே முகம், வேறு வேறு பொருள். இவற்றுக்குப் பிரெஞ்சில் 'ஃபோஸாமி', அதாவது போலி நண்பர்கள் என்று பெயர். 1928-இல் கோஸ்லர், தெரோக்கின்யி என்ற இருவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பிலிருந்து பரவிய பெயர் இது. இன்னொரு வகைக்குப் பிரபலமான பெயர் எதுவும் இல்லை. பிரெஞ்சில் ஒரே சொல்லாகக் கூட்டுக் குடும்பமாக இருப்பது, ஆங்கிலத்தில் இரண்டு மூன்று சொற்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கும். நான் இவற்றைப் பாகப்பிரிவினைச் சொற்கள் என்று சொல்லிக்கொள்கிறேன்.

முதலில் போலி நண்பர்கள். 1066-இல் பிரெஞ்சு பேசிய நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் கூட்டம் கூட்டமாக ஆங்கிலத்துக்குள் போயின. பிறகு இரண்டு மொழிகளும் அவரவர் வழியில் மாறிக்கொண்டே போனதில் பொருள் விலகிவிட்டது. பிரெஞ்சில் 'லிப்ரேரி' இன்று புத்தகக் கடை, நூலகம் 'பிப்லியோதெக்'. ஆங்கில 'லைப்ரரி'தான் தப்பு செய்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். 16-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு எழுத்தாளர் மோந்தேய்ன் தன் கோபுரத்தில் இருந்த நூலகத்தை 'லிப்ரேரி' என்றுதான் எழுதினார். பழைய பொருளை விடாமல் வைத்திருப்பது ஆங்கிலம், மாறிப்போனது பிரெஞ்சு.

'சென்சிபிள்' ஆங்கிலத்தில் விவேகமானவர். பிரெஞ்சு 'சான்சிப்ல்' சட்டென்று மனம் நோகிறவர். உணவில் 'பிரிசர்வேட்டிவ்' இருக்கிறதா என்று கேட்க நினைத்து 'பிரெசெர்வாத்திஃப்' இருக்கிறதா என்று கேட்டால் கடைக்காரர் ஆணுறை அலமாரியைக் காட்டுவார். இதெல்லாம் சிரிப்போடு போய்விடும், ஒரு முறை பட்டால் மறக்காது.

சிரிப்பு வராத ஒன்று உண்டு: 'எவென்சுவலி'. பிரெஞ்சு வியாபாரி "எவென்சுவலி விலையைக் குறைப்போம்" என்று ஆங்கிலத்தில் எழுதினால், அவர் மனதில் இருப்பது 'எவாந்துவெல்மான்', அதாவது தேவைப்பட்டால் குறைக்கலாம் என்பது. ஆங்கிலேயர் படிப்பதோ, கொஞ்ச நாள் ஆகும், ஆனால் கடைசியில் கட்டாயம் குறைப்பார்கள் என்று. வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை, இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது, புரிந்தது மட்டும் வேறு வேறு. அவர் எழுதியிருக்க வேண்டியது 'பாசிப்ளி'. 'அக்துவெல்மான்' கதையும் கிட்டத்தட்ட இதுதான். அதற்குப் பொருள் 'தற்போது'. "ஆக்சுவலி நான் லியோனில் வேலை செய்கிறேன்" என்று பிரெஞ்சுக்காரர் சொன்னால், யாரோ சொன்ன தப்பைத் திருத்துகிறார் என்று ஆங்கிலேயர் நினைப்பார். (நம்மூரில் 'ஆக்சுவலி' பொருளே இல்லாமல் வாக்கியத்துக்கு முன்னால் வந்து உட்காருகிறது. அது வேறு விஷயம்.)

போலி நண்பர்கள் சங்கிலியாகவும் வருவார்கள். பிரெஞ்சு 'அசிஸ்தே' கூட்டத்துக்குப் போவது, ஆங்கிலத்தில் 'அட்டெண்ட்'. அதே முகமுள்ள பிரெஞ்சு 'அதாந்த்ர்' காத்திருப்பது, ஆங்கிலத்தில் 'வெயிட்'. அதையே 'சதாந்த்ர்' ஆக்கினால் எதிர்பார்ப்பது, 'எக்ஸ்பெக்ட்'. ஒவ்வொரு கடிதமும் ஒரு வீடு தள்ளிப் போய்ச் சேர்கிற மாதிரி.

சரி, பாகப்பிரிவினைச் சொற்கள். 'கன்யே' என்ற ஒரே வினைச்சொல்லில் பிரெஞ்சுக்காரர் பந்தயத்தில் ஜெயிப்பார், சம்பளம் சம்பாதிப்பார், நேரத்தை மிச்சமும் பிடிப்பார். ஆங்கிலத்தில் இவை மூன்றும் தனித்தனி: 'வின்', 'எர்ன்', 'சேவ்'. 'வின் டைம்' என்று அவர் சொல்வது இதனால்தான். 'எக்ஸ்பெரியான்ஸ்' அனுபவமும்தான், ஆய்வகப் பரிசோதனையும்தான். ஆகவே மூன்று பரிசோதனை செய்த ஆய்வாளர் ஆங்கிலக் கட்டுரையில் மூன்று அனுபவங்கள் பெற்றதாக எழுதிவிடுவார். 'அப்ராந்த்ர்' கற்றுக்கொள்வதையும் குறிக்கும், கற்றுக்கொடுப்பதையும் குறிக்கும். அதனால் 'டீச்' வர வேண்டிய இடத்தில் 'லேர்ன்' வந்து நிற்கும். நமக்குக் 'கொள்', 'கொடு' என்ற இரண்டு சின்னச் சொற்கள் அந்த வேலையைச் செய்துவிடுவதால் இந்தத் தடுமாற்றம் கொஞ்சம் விசித்திரமாகத் தெரியும். 'ஃபேர்' என்பது 'மேக்', 'டூ' என்று பிரிவதற்கு உருப்படியான விதியே கிடையாது. தப்பு செய்தால் 'மேக்', வீட்டுப்பாடம் செய்தால் 'டூ'. மனப்பாடம்தான்.

என்னைக் கேட்டால், இரண்டில் பிடிவாதமானது இந்த இரண்டாவது வகைதான். போலி நண்பனை ஒரு பட்டியல் போட்டுப் பிடித்துவிடலாம். 'லைப்ரரி'க்கு ஒரே ஒரு சரியான விடை, ஒரே ஒரு தவறான விடை. பாகப்பிரிவினைச் சொல்லில் வாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், தன் மொழியில் இல்லாத ஒரு கோட்டைப் பேசுபவர் புதிதாகப் போட வேண்டியிருக்கிறது. போதாததற்கு, 'வின் டைம்' என்று சொன்னாலும் கேட்பவருக்குப் புரிந்துவிடும், அதனால் யாரும் திருத்த மாட்டார்கள். முதலில் கற்க வேண்டியது மட்டும் 'எவென்சுவலி', 'ஆக்சுவலி' இரண்டும். காசும் நம்பிக்கையும் போகிற இடம் அது.

கடைசியாக 'தெப்வி'. 2015-லிருந்து என்பதற்கும் அதே சொல், பத்து வருஷமாக என்பதற்கும் அதே சொல். ஆங்கிலம் முன்னதற்கு 'சின்ஸ்', பின்னதற்கு 'ஃபார்' என்று பிரிக்கிறது. கூடவே, பிரெஞ்சில் இதற்கு நிகழ்காலம் போதும். ஆங்கிலத்தில் 'ஹேவ்' போட்டுக் காலத்தை மாற்ற வேண்டும். ஆகவே பிரெஞ்சுக்காரர் "ஐ லிவ் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்" என்பார். தமிழிலும் 'பத்து வருஷமாக இங்கே இருக்கிறேன்' நிகழ்காலம்தான். நம் ஆட்களும் அதை 'சின்ஸ் டென் இயர்ஸ்' என்றே சொல்கிறோம். பாண்டிச்சேரிக்கு வரும் பிரெஞ்சுக்காரர் இதை எத்தனை முறை சொன்னாலும், எதிரே இருக்கிற நாம் சரியாகத்தான் பேசுகிறார் என்று தலையாட்டிக்கொண்டிருப்போம்.