ராமநாதபுரம் பாரிலிருந்து அமெரிக்க எல்.எல்.எம்.: ஒரு கோடி ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது?

அமெரிக்கச் சட்டப் பள்ளிகளின் ஓராண்டு எல்.எல்.எம். (சட்ட முதுகலை) படிப்பை நம் பக்கத்து ஜூனியர் வக்கீல்களிடம் கொண்டுவரும் ஏஜென்சிகள் எல்லாம் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கின்றன: இதை முடித்தால் நியூயார்க் பார் தேர்வு, அதாவது அங்கே வக்கீலாவதற்கான தகுதித் தேர்வு, எழுதலாம். வாக்கியம் பொய்யில்லை. ஆனால் இந்தியாவில் படித்தவர் பலருக்கு அந்தத் தேர்வை எழுத எல்.எல்.எம்.மே தேவைப்படாமல் போகலாம் என்ற மறுபாதியை யாரும் சொல்வதில்லை. பெரிய பள்ளிகளில் கல்விக் கட்டணம் மட்டுமே 75,000 டாலரைத் தாண்டுகிறது. நியூயார்க்கில் வாடகை, சாப்பாடு, மருத்துவக் காப்பீட்டையும் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு கோடி ரூபாய். அதைக் கட்டுவதற்கு முன் இந்த மறுபாதியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நியூயார்க்கில் வெளிநாட்டு வக்கீல்களுக்கான விதி 520.6. அது இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. உங்கள் சட்டப் படிப்பு அமெரிக்காவின் அடிப்படைச் சட்டப் பட்டமான ஜே.டி.க்கு ஈடான கால அளவு கொண்டதா? உங்கள் நாட்டுச் சட்டம் ஆங்கிலேயப் பொதுச் சட்ட (காமன் லா) மரபில் வந்ததா? இரண்டுக்கும் விடை ஆம் என்றால் எல்.எல்.எம். இல்லாமலே தேர்வு எழுத அனுமதி உண்டு. இரண்டில் ஒன்றில் மட்டும் குறை இருந்தால் அதை எல்.எல்.எம். ஈடுகட்டும். இரண்டிலும் குறை என்றால் எல்.எல்.எம். படித்தும் பயனில்லை. இந்தியா பொதுச் சட்ட நாடு. நம் எல்.எல்.பி. மூன்று ஆண்டு அல்லது ஐந்தாண்டு நேர்முகப் படிப்பு. அதனால் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. முடிவு மாநில பார் தேர்வு வாரியத்தின் கையில். ஒவ்வொருவர் ஆவணத்தையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் சொல்வார்கள்.

ஆகவே முதல் வேலை பள்ளிக்கு விண்ணப்பிப்பது அல்ல. வாரியத்தின் இணையதளத்தில் வெளிநாட்டுக் கல்வி மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பி, மதிப்பெண் விவரத்தைப் பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்பும்படி ஏற்பாடு செய்வது. தேர்வு எழுத நினைக்கும் தேதிக்கு ஒரு வருடம் முன்பே தொடங்குங்கள். பதில் வர மாதக்கணக்கில் ஆகும். அந்தப் பதில் கையில் இல்லாமல் எந்தப் பள்ளிக்கும் முன்பணம் கட்ட வேண்டாம்.

கலிஃபோர்னியா இன்னும் தெளிவு. வெளிநாட்டில் சன்னது, அதாவது வக்கீல் பதிவு, பெற்றுத் தொழில் செய்பவர் கூடுதல் சட்டப் படிப்பு எதுவும் இல்லாமல் அந்த மாநிலத் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலின் நன்னடத்தைச் சான்று தேவைப்படும். சட்டம் முடித்தும் இன்னும் என்ரோல் ஆகாதவருக்கு இந்த வழி கிடையாது. அமெரிக்காவில் இருந்துகொண்டு இந்தியச் சட்டத்தில் மட்டும் ஆலோசனை சொன்னால் போதும் என்பவருக்கு நியூயார்க்கிலேயே ஃபாரின் லீகல் கன்சல்டன்ட் உரிமம் உண்டு. கடந்த ஐந்து ஆண்டுகளில் மூன்று ஆண்டுகள் தொழில் செய்திருக்க வேண்டும். தேர்வே இல்லை. வெளிநாட்டில் குடியேறிய குடும்பங்கள் அதிகமுள்ள கீழக்கரை, பனைக்குளம் பக்கத்துச் சொத்து, வாரிசு வழக்குகள் தெரிந்தவருக்கு இது யோசிக்கத் தகுந்த வழி.

மதிப்பீட்டில் குறை இருப்பதாக வந்தவர் எல்.எல்.எம்.மைத் தேர்ந்தெடுக்கும்போது பாடப் பட்டியலைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பெயர் பெற்ற பள்ளி என்பதற்காக நியூயார்க் வாரியம் எதையும் விட்டுக்கொடுக்காது. குறைந்தது 24 கிரெடிட் (பாட அலகு). அதற்குள் தொழில்முறை ஒழுக்கம் 2, சட்ட ஆராய்ச்சியும் எழுத்தும் 2, அமெரிக்கச் சட்ட அமைப்பு 2, பார் தேர்வில் வரும் பாடங்கள் 6. இரண்டு செமஸ்டர், ஒவ்வொன்றும் 13 வாரத்துக்குக் குறையாமல். கோடைக்கால வகுப்பில் 4 கிரெடிட்டுக்கு மேல் ஏற்க மாட்டார்கள். எல்லாம் 24 மாதத்துக்குள் முடிய வேண்டும், அமெரிக்க மண்ணில் வகுப்பறையில் உட்கார்ந்து படித்ததாக இருக்க வேண்டும். வரிச் சட்டம், அறிவுசார் சொத்து போன்ற சிறப்புப் பாடத்தில் சேர்ந்தவர்கள் சறுக்குவது இங்கேதான். சிறப்புப் பாடமே 18, 20 கிரெடிட்டை விழுங்கிவிடும். மேலே சொன்ன 12-க்கு இடம் இருக்காது. இணையவழி எல்.எல்.எம். பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று சேர்பவருக்கு நியூயார்க் கதவு திறக்காது. அமெரிக்க பார் அசோசியேஷன் அங்கீகாரம் தருவது ஜே.டி. படிப்புக்குத்தான், எல்.எல்.எம்.முக்கு அல்ல என்பதையும் மனதில் வையுங்கள். விளம்பரத்தில் அந்தச் சொல்லை வைத்து நிறைய விளையாட்டு நடக்கிறது.

விண்ணப்பம் போகும் வழி எல்சாக் என்ற அமைப்பின் ஆவணத் தொகுப்புச் சேவை. பெரும்பாலான பள்ளிகள் இதன் மூலமே வாங்குகின்றன. சேவையாகப் பார்த்தால் நல்ல ஏற்பாடு. ஒரு முறை ஆவணம் சேர்ந்துவிட்டால் பத்துப் பள்ளிக்கும் அதுவே போகும். சிக்கல் எல்லாம் நம் பக்கத்தில். எல்சாக் தரும் படிவத்தை அச்செடுத்துப் பல்கலைக்கழகத்தில் கொடுக்க வேண்டும். அவர்கள் மதிப்பெண் விவரத்தோடு அதையும் உறைக்குள் வைத்து, ஒட்டிய இடத்தின் மேல் முத்திரை குத்தி, பென்சில்வேனியாவுக்குத் தாங்களே அனுப்ப வேண்டும். உறை உங்கள் கையில் திறந்து வந்தால் செல்லாது. ராமநாதபுரம் அரசு சட்டக் கல்லூரியிலோ மதுரையிலோ படித்தவர் கல்லூரி அலுவலகத்தோடு நிற்க முடியாது. பட்டம் தருவது சென்னையில் உள்ள தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம். அது தொடங்குவதற்கு முன் மதுரைச் சட்டக் கல்லூரியில் முடித்த சீனியர்கள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தை அணுக வேண்டும். பி.ஏ., பி.எஸ்சி. முடித்து மூன்றாண்டு எல்.எல்.பி. படித்தவர் அந்த முதல் பட்டத்துக்கும் இதே வேலையைச் செய்தாக வேண்டும். ஹார்வர்டின் கடைசி நாள் டிசம்பர் 1. மற்றவை பெரும்பாலும் ஜனவரிக்குள் முடிந்துவிடும். ஆகஸ்டில் சென்னைக்குப் பஸ் ஏறினால்தான் நிம்மதி. பார் வாரியத்துக்கும் எல்சாக்குக்கும் தனித்தனி உறை வேண்டும், இரண்டையும் ஒரே நாளில் கேட்டு வாங்குங்கள்.

பெயர்ப் பிரச்சினை இதைவிடப் பெரியது. பட்டச் சான்றில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, ஆதாரில் வேறு மாதிரி. கீழக்கரை, தொண்டிப் பக்கத்து முஸ்லிம் பெயர்களிலும், தங்கச்சிமடம், பாம்பன் பக்கத்து ஞானஸ்நானப் பெயர்களிலும் ஆங்கில எழுத்துக்கூட்டல் சான்றிதழுக்குச் சான்றிதழ் மாறும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழும். பிறகு வங்கிக் கணக்கு, சோஷியல் செக்யூரிட்டி எண், பார் தேர்வு நுழைவுச் சீட்டு எல்லாவற்றிலும் அது ஒட்டிக்கொண்டு வரும். பாஸ்போர்ட்டை முதலில் சரி செய்யுங்கள். இரண்டு கட்டமும் நிரம்பியிருக்கட்டும். டோஃபல் (ஆங்கிலத் தேர்வு), எல்சாக், ஐ-20 (விசாவுக்காகப் பள்ளி தரும் படிவம்) எல்லாம் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அப்படியே. பட்டச் சான்றோடு உள்ள வேறுபாட்டுக்கு நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். டோஃபலில் நல்ல பள்ளிகள் எதிர்பார்ப்பது பழைய 120 அளவில் 100. மதிப்பெண் இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும்.

பரிந்துரைக் கடிதம் இரண்டு. "ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி" என்று சீனியர் எழுதித் தருவது எதற்கும் உதவாது. இலங்கைக் கடற்படை பிடித்த படகுக்காக மதுரைக் கிளையில் போட்ட ரிட் மனுவில் நீங்கள் எந்தப் பகுதியை எழுதினீர்கள், எந்த வாதத்தைக் கண்டுபிடித்தீர்கள் என்று அவர் எழுத வேண்டும். நம் ஊர் எல்.எல்.பி.யில் 58 சதவீதம் என்பது மோசமில்லை. அமெரிக்காவில் உங்கள் விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு அது தெரியாது. வகுப்பில் எத்தனையாவது இடம் என்று கல்லூரி முதல்வரிடம் ஒரு வரி எழுதி வாங்கினால் அந்த மதிப்பெண்ணுக்கு அர்த்தம் வரும்.

இந்தக் கரைக்கு எது பொருத்தம்? கடல் சட்டம் என்றதும் எல்லோரும் சொல்வது நியூ ஆர்லியன்ஸில் உள்ள டுலேன் பள்ளியின் அட்மிரால்டி (கப்பல், கடல் வணிகச் சட்டம்) எல்.எல்.எம். அந்தத் துறையில் அது தரமான படிப்பு. ஆனால் அதன் உள்ளடக்கம் கப்பல் சரக்கு, கடல் காப்பீடு, 1920-ஆம் ஆண்டு ஜோன்ஸ் சட்டத்தின் கீழ் மாலுமிகளின் காய இழப்பீடு போன்றவை. 1974, 1976 இந்திய–இலங்கை எல்லை ஒப்பந்தங்கள், பாக் நீரிணையில் மரபுவழி மீன்பிடி உரிமை, கச்சத்தீவு ஆகியவற்றுக்காகப் போகிறவருக்கு வேண்டியது அது அல்ல. அவருக்குத் தேவை பொதுச் சர்வதேசச் சட்டம். ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையை அமெரிக்கா இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. ஆனாலும் அதைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் அங்கே நிறைய உண்டு. பள்ளியின் பெயரைப் பார்க்காமல், அந்தப் பாடம் நீங்கள் சேரும் ஆண்டில் நடக்கிறதா என்று பாடப் பட்டியலில் தேடுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள், கடலோர ஒழுங்குமுறை மண்டலம், இறால் பண்ணை வழக்குகள் உங்கள் அக்கறை என்றால் வெர்மான்ட், லூயிஸ் அண்ட் கிளார்க் ஆகிய இரண்டின் சுற்றுச்சூழல் எல்.எல்.எம். நேராகப் பொருந்தும். கட்டணமும் பெரிய பள்ளிகளை விடக் குறைவு.

கற்பித்தலில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நம் எல்.எல்.பி.யில் கிடைக்காத பயிற்சி அங்கே கிடைக்கும்: தீர்ப்பை முழுதாகப் படித்துவிட்டு வந்து, வகுப்பில் கேள்விக்கு நின்று பதில் சொல்வது, தகவலிலிருந்து சட்டப் பிரச்சினையைப் பிரித்தெடுத்து எழுதுவது. பல பாடங்களுக்குச் செமஸ்டர் கடைசியில் ஒரே தேர்வு, அதுவே முழு மதிப்பெண். பிரிவு எண்ணை மனப்பாடமாக எழுதினால் மதிப்பெண் விழாது. கொடுத்த சம்பவத்தில் இரு தரப்பு வாதத்தையும் பிரயோகித்துக் காட்ட வேண்டும். உண்மையான கட்சிக்காரர்களின் வழக்கில் வேலை செய்யும் கிளினிக் வகுப்பு கிடைத்தால் விடாதீர்கள். படிப்பின் மிகச் சிறந்த பகுதி அதுதான்.

பார் தேர்வு ஜூலைக் கடைசியில் இரண்டு நாள். 200 கொள்குறி வினா, 6 கட்டுரை, 2 செயல்முறைத் தாள். நியூயார்க்கில் தேர்ச்சி 400-க்கு 266. 2028 ஜூலையிலிருந்து புதிய வடிவத் தேர்வு வருகிறது. வெளிநாட்டில் படித்தவர்களின் தேர்ச்சி ஜே.டி. மாணவர்களை விட எப்போதும் மிகக் குறைவு. சட்டம் தெரியாததல்ல, நேரமே காரணம். ஒரு கொள்குறி வினாவுக்கு 1.8 நிமிடம்தான். மே கடைசியில் தொடங்கிப் பத்து வாரம் வேறு வேலை இல்லாமல் பயிற்சி எடுக்காதவர் கரையேறுவது அரிது. இதோடு தொழில் ஒழுக்கத் தேர்வில் 85 மதிப்பெண், நியூயார்க் சட்டத்துக்கான இணையவழித் தேர்வு, 50 மணி நேர இலவசச் சட்டப் பணி. இந்த 50 மணி நேரத்தை எல்.எல்.எம். தொடங்குவதற்கு முந்தைய ஓராண்டுக்குள் சொந்த நாட்டிலேயே செய்யலாம் என்பது பலருக்குத் தெரியாது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் ஏழை மீனவர் வழக்கு நடத்தினால், மேற்பார்வையிட்ட வக்கீல் உரிய பிரமாணப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். தேதி, மணிக்கணக்கு, செய்த வேலை மூன்றையும் அன்றன்றே குறித்து வையுங்கள்.

வேலை விஷயத்தில் இந்தப் படிப்பு பலவீனம். எஃப்-1 மாணவர் விசாவில் படித்தவருக்குக் கிடைப்பது 12 மாத ஓ.பி.டி., அதாவது படிப்புக்குப் பின் வேலை செய்யும் அனுமதி, மட்டும். பொறியியல் படித்தவருக்கு உள்ள 24 மாத நீட்டிப்பு சட்டத்துக்கு இல்லை. படிப்பு முடிந்த 60 நாளுக்குள் அது தொடங்கிவிட வேண்டும். தொடங்கிய பின் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. பார் தேர்வுக்குப் படிக்கும் நாள்களும் அந்த 90-ல் சேரும், நியூயார்க் முடிவு வருவதோ அக்டோபர் வாக்கில். வாரம் 20 மணி நேரம் ஒரு சட்ட உதவி அமைப்பில் தன்னார்வப் பணி செய்தால் அது வேலையாகக் கணக்கிடப்படும். பெரிய நிறுவனங்கள் எல்.எல்.எம். பட்டதாரிகளில் தேடுவது ஒப்பந்தம், நிதி சார்ந்த பணி அனுபவத்தை. சிவில் வழக்கும் ஜாமீன் மனுவும் நடத்திய நல்ல வக்கீலுக்கு அங்கே நேர்காணல் கிடைப்பதே கஷ்டம். அங்கே சம்பள வேலையில் சேர்ந்தால் பார் கவுன்சில் விதி 49-ன்படி இங்கே தெரிவித்துச் சன்னதை நிறுத்தி வைக்க வேண்டும். நன்னடத்தைச் சான்று தேவைப்பட்டால் அதற்கு முன் வாங்கிவிடுங்கள்.

திரும்பி வந்து சட்டக் கல்லூரியில் ஆசிரியராக நினைப்பவருக்குத் தனி எச்சரிக்கை. பார் கவுன்சிலின் 2020-ஆம் ஆண்டு விதிகள் ஓராண்டு வெளிநாட்டு எல்.எல்.எம்.மை இந்திய எல்.எல்.எம்.முக்குச் சமமாக ஏற்கவில்லை. அந்த விதிகளை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கும் போடப்பட்டது. சேரும் முன் அன்றைய நிலையை விசாரியுங்கள்.

பணத்துக்கு வழி இருக்கிறது. ஃபுல்பிரைட்-நேரு முதுகலை உதவித்தொகையில் சர்வதேசச் சட்டம் இடம்பெற்று வந்திருக்கிறது. மூன்றாண்டுப் பணி அனுபவம் கேட்பார்கள், படித்துத் திரும்பி வருபவருக்கே அது. பட்டியல் சாதியினருக்கு மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டமும் உண்டு. பாடப் பட்டியலையும் வருமான வரம்பையும் அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்கள். சிறுபான்மையினரின் கல்விக் கடனுக்கு வட்டி மானியம் தந்த 'படோ பர்தேஷ்' திட்டம் 2022-23-ல் நிறுத்தப்பட்டுவிட்டது. இன்னும் அதைச் சொல்லி ஆசை காட்டினால் நம்ப வேண்டாம். இரண்டு பள்ளியில் இடம் கிடைத்தால், ஒன்றின் உதவித்தொகைக் கடிதத்தைக் காட்டி மற்றதில் உயர்த்தித் தரும்படி கேளுங்கள். நடுத்தரப் பள்ளிகளில் இது பல முறை பலிக்கிறது. வீட்டுப் பத்திரத்தை அடகு வைப்பதற்கு முன் அனுப்ப வேண்டிய மின்னஞ்சல் அது.