ஃபோமு: யூஎஸ்பி துளைக்குள் ஒளிந்துகொள்ளும் எஃப்பிஜிஏ

எஃப்பிஜிஏ (உள்ளே இருக்கும் சர்க்யூட்டை நாமே எழுதி மாற்றிக்கொள்ளக்கூடிய சிப்) போர்டு ரொம்பச் சின்னதாக வேண்டும் என்று தேடுகிறவர்கள் எல்லாரும் முதலில் மில்லிமீட்டரைத்தான் பார்க்கிறார்கள். எத்தனை ஒயர் வெளியே இழுக்கணும் என்ற கேள்வி போர்டு கைக்கு வந்த பிறகுதான் வருகிறது. ஃபோமு என்ற குட்டி எஃப்பிஜிஏ போர்டை வாங்க நினைப்பவர்கள் இந்த இரண்டாவது கேள்வியை முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது, ஏனென்றால் அளவு விஷயத்தில் அதோடு போட்டி போட ஆள் கிடையாது, ஒயர் இணைக்கும் பின்கள் விஷயத்தில் அதை விட ஏழையும் கிடையாது.

கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய நீள்சதுர யூஎஸ்பி-ஏ துளைக்குள் முழுசாக நுழைந்துவிடும் அளவு. அவ்வளவுதான் போர்டு. டிம் ஆன்செல், ஷான் கிராஸ் இருவரும் சேர்ந்து செய்தது, வரைபடம் முழுக்கத் திறந்தே கிடக்கிறது. உள்ளே இருப்பது லாட்டிஸ் நிறுவனத்தின் ஐஸ்40 அப்5கே சிப்: 5280 எல்யூடி (லாஜிக்கைக் கட்டும் அடிப்படை அலகு), 8 பெருக்கி பிளாக், 128 கிலோபைட் உள் நினைவகம். இந்த 128 கிலோபைட் பெரிய விஷயம். அது இருப்பதால்தான் ஒரு சின்ன ரிஸ்க்-ஃபைவ் (யாரும் பயன்படுத்தக்கூடிய திறந்த வடிவமைப்பு) பிராசஸரை உள்ளே கட்டி, அதன் மேல் மைக்ரோபைத்தான் (சின்ன சிப்புகளுக்கான பைத்தான் மொழி) வரைக்கும் ஓட்ட முடிகிறது.

எப்படி இவ்வளவு சிறிதாக்கினார்கள் என்பதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்த பகுதி. எஃப்பிஜிஏ போர்டில் இடத்தைத் தின்பது எஃப்பிஜிஏ சிப் இல்லை. அப்5கே-வின் 30 பந்து பேக்கேஜ் (கால்களுக்குப் பதில் அடியில் சோல்டர் உருண்டைகள் உள்ளது) 2.15க்கு 2.55 மில்லிமீட்டர்தான், விரல்நுனியில் வைத்தால் தும்மக்கூட பயமாக இருக்கும். இடம் போவதெல்லாம் கனெக்டர், யூஎஸ்பி சிப், சர்க்யூட்டைச் சேமிக்கும் ஃபிளாஷ், வோல்டேஜைச் சீராக்கும் ரெகுலேட்டர், பட்டன் இவற்றுக்கு. ஃபோமுவில் கனெக்டர் கிடையாது, போர்டின் ஒரு பக்கமே கனெக்டர். பட்டன் கிடையாது, ஓரத்தில் 4 தொடு பேட். யூஎஸ்பி சிப்பும் கிடையாது. எஃப்பிஜிஏ-வுக்குள் கட்டிய லாஜிக்கே 12 மெகாபிட் யூஎஸ்பி பேசுகிறது, 48 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் ஒவ்வொரு பிட்டையும் நான்கு முறை பார்த்து. கடிகாரத் துடிப்பு தரும் ஆசிலேட்டரை மட்டும் விட முடியவில்லை. சிப்புக்குள்ளேயே 48 மெகாஹெர்ட்ஸ் ஒன்று இருக்கிறதே என்று கேட்கலாம், ஆனால் அது பத்து சதவீதம் வரை முன்னே பின்னே ஓடக்கூடியது, யூஎஸ்பி இந்த வேகத்தில் கால் சதவீதத்துக்கு மேல் பொறுக்காது. எல்இடி-க்கு ரெசிஸ்டர் வேண்டாம், சிப்பிலேயே மின்னோட்டத்தை அளந்து விடும் மூன்று பின்கள் இருக்கின்றன. (புதியவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்: அந்தப் பின்களைச் சாதாரண அவுட்புட் மாதிரி எழுதினால் போதாது, அதற்கென்று உள்ள டிரைவர் பிளாக்கை வெரிலாக்கில் (சர்க்யூட்டை எழுதும் மொழி) தனியாக அழைக்க வேண்டும்.)

பயன்படுத்துவது சுலபம். செருகினால் பூட்லோடர் (புது ஃபைலை வாங்கி ஏற்றும் சின்ன நிரல்) எழும், கம்ப்யூட்டரில் டிஎஃப்யூ-யூட்டில் என்ற கருவியின் கட்டளை ஒன்றில் ஃபைலை அனுப்பினால் சிப் தன்னைத்தானே மாற்றிக்கொள்ளும். புரோகிராமர் கேபிள் எதுவும் தேவையில்லை. மென்பொருளும் முழுக்க இலவசம், திறந்த மூலம்: வெரிலாக்கை லாஜிக்காக மாற்றும் யோசிஸ், அதைச் சிப்பில் இடம்பார்த்து வைக்கும் நெக்ஸ்ட்பிஎன்ஆர், சிப்புக்கான ஃபைலாக்கும், 2015-இல் வெளிவந்த ஐஸ்ஸ்டார்ம். சிப் நிறுவனங்களின் மென்பொருளைக் கிகாபைட் கணக்கில் டவுன்லோடு செய்து லைசென்ஸ் ஃபைலுக்காக மன்றாடிய யாருக்கும் இதன் அருமை புரியும்.

அப்புறம் குறைகள். நீங்கள் எழுதிய சர்க்யூட்டில் யூஎஸ்பி பகுதி இல்லையென்றால், அது ஓட ஆரம்பித்ததும் கம்ப்யூட்டருக்கு போர்டே தெரியாது. பிடுங்கித் திரும்பச் செருகினால்தான் பூட்லோடர் வரும். யூஎஸ்பி-யைச் சேர்த்தால் எல்யூடி-யில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். அப்5கே வேகமான சிப்பும் இல்லை, மின்சாரத்தை மிச்சம் பிடிக்கச் செய்தது, கொஞ்சம் ஆழமான லாஜிக் எழுதினாலே கடிகாரத்தை நன்றாகக் குறைக்க வேண்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக பின்கள்: அந்த 4 தொடு பேடை விட்டால் ஒரு சென்சாரைக்கூட ஒழுங்காக இணைக்க வழியில்லை. கற்றுக்கொள்ள, ரிஸ்க்-ஃபைவ் ஓட்டிப் பார்க்க, ஒரு யூஎஸ்பி கருவி செய்து பார்க்க அருமையான போர்டு. மோட்டார், டிஸ்பிளே, பழைய கம்ப்யூட்டர் பஸ் என்று ஏதாவது மனதில் இருந்தால் வாங்க வேண்டாம்.

அவர்களுக்கு டைனிஎஃப்பிஜிஏ பிஎக்ஸ் என்ற போர்டு சரிப்படும். 18க்கு 36 மில்லிமீட்டர், சோல்டர் இல்லாமல் ஒயர் செருகும் பிரெட்போர்டில் உட்காரும், 7680 எல்யூடி, 41 பின். உள் நினைவகம் 16 கிலோபைட்தான், அதுதான் இடிக்கும். இரண்டிலுமே 5 வோல்ட் சிக்னலை நேராகக் கொடுக்கக் கூடாது.

சரி, நானே வடிவமைக்கிறேன் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபோமுவைப் பார்த்து 30 பந்து பேக்கேஜில் இறங்க வேண்டாம், 0.4 மில்லிமீட்டர் இடைவெளியில் உள்வரிசைப் பந்துகளை வெளியே எடுப்பது சாதாரண இரண்டு அடுக்கு போர்டில் நடக்கிற காரியம் இல்லை. அதே சிப் 7 மில்லிமீட்டர் சதுர கியூஎஃப்என்-இலும் (ஓரங்களில் பேட் உள்ள பேக்கேஜ்) வருகிறது, 39 பின், ஹாட் ஏர் இருந்தால் கையாலேயே சோல்டர் செய்யலாம். நான்கைந்து கேட்களை ஒட்டவைக்கும் வேலைதான் என்றால் ஐஸ்40-யே வேண்டாம் என்பேன். அதற்குக் கோருக்கு (உள் லாஜிக்குக்கு) 1.2 வோல்ட் தனி, ஃபிளாஷ் தனி. லாட்டிஸின் இன்னொரு சிப்பான மாக்எக்ஸ்ஓ2-256-இன் எச்.சி. வகை 5 மில்லிமீட்டர் சதுரத்தில் கிடைக்கிறது, ஃபிளாஷும் ரெகுலேட்டரும் உள்ளேயே, 3.3 வோல்ட்டும் சில கெப்பாசிட்டர்களும் கொடுத்தால் ஓடும். 256 எல்யூடி-தான், மென்பொருளுக்கு லாட்டிஸின் டயமண்டை நிறுவ வேண்டும். ஐஸ்40-தான் என்று முடிவு செய்தால், இடம் எவ்வளவு இறுக்கமானாலும் ரீசெட், சிடன் (சிப் தயாராகிவிட்டதைச் சொல்லும் பின்), ஃபிளாஷோடு பேசும் எஸ்பிஐ-யின் நான்கு கோடுகள் இவற்றுக்கு டெஸ்ட் பேட் வைத்துவிடுங்கள். முதல் போர்டு எழுந்திருக்காவிட்டால் தொட்டுப் பார்க்க வேறு இடம் இருக்காது.