கேமராவுக்குக் கேபிள், லேப்டாப்புக்கு நெட்வொர்க்: என்டிஐயும் கேப்சர் கார்டும்

மேடை நிகழ்ச்சியின்போது பின்னால் இருக்கும் திரையில் படங்களை ஓட்டும் லைவ் விஷுவல்ஸ் செய்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்த வாக்குவாதம் வந்தே தீரும். வெளியிலிருந்து வரும் வீடியோவை மேடை லேப்டாப்புக்குள் கொண்டுவர, நெட்வொர்க் வழியே வீடியோ அனுப்பும் என்டிஐ போதுமா, வீடியோ கேபிளைச் செருகிப் படத்தை உள்ளே வாங்கும் கேப்சர் கார்டு வாங்கியே ஆக வேண்டுமா? இரண்டையும் நிகழ்ச்சிகளில் ஓட்டியிருக்கிறேன், அதனால் என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறுமுனையில் கேமரா இருந்தால் கேபிள். இன்னொரு கம்ப்யூட்டர் இருந்தால் நெட்வொர்க். படத்தின் தரத்தை வைத்துச் சண்டை போடுவது வீண் வேலை, பத்தடி தள்ளி நின்று எல்இடி சுவரைப் பார்க்கிற எவருக்கும் அந்த வித்தியாசம் தெரியப் போவதில்லை.

என்டிஐயை 2015இல் நியூடெக் வெளியிட்டது, 2019இல் அந்த நிறுவனம் விஸ்ஆர்டி கைக்குப் போனது. வேலை செய்யும் விதம் எளிமைதான். 1080பி, நொடிக்கு 60 ஃபிரேம் வீடியோவைச் சுருக்காமல் அனுப்பினால் சுமார் 2 ஜிகாபிட் ஆகும். என்டிஐ அதையே 125 முதல் 150 மெகாபிட் வரை சுருக்கி, சாதாரண ஈதர்நெட் கேபிளில் அனுப்பிவிடுகிறது. அதாவது ஒரே ஜிகாபிட் வயரில் நாலைந்து வீடியோக்கள் மூச்சு முட்டாமல் போகும். அதோடு ஆல்ஃபாவும், அதாவது படத்தில் எந்தப் பகுதி ஒளிபுகும் என்கிற தகவலும், கூடவே வரும், இதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது. இன்னொருவர் டச்டிசைனர் என்ற விஷுவல்ஸ் புரோகிராமில் செய்கிற உருவங்கள் பின்னணி இல்லாமல், வெட்டிய விளிம்போடு நான் வீடியோக்களைக் கலந்து ஓட்டும் ரெசொலூம் புரோகிராமில் ஒரு லேயராக வந்து உட்காரும், நான் அதற்கு அடியில் என்ன வேண்டுமானாலும் ஓட்டலாம். எச்டிஎம்ஐயில் இது நடக்காது. தொழில்முறை வீடியோ கேபிளான எஸ்டிஐயில் செய்யலாம், ஆனால் படத்துக்கு ஒன்று, ஆல்ஃபாவுக்கு ஒன்று என்று இரண்டு கேபிள் இழுக்க வேண்டும்.

லேப்டாப்புக்கு நெட்வொர்க் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு லேப்டாப்பை எச்டிஎம்ஐயில் கேப்சர் கார்டோடு இணைத்தால், அந்த லேப்டாப் அதை இன்னொரு மானிட்டராகத்தான் பார்க்கும். ரெசல்யூஷன் தானாக மாறும், ஜன்னல்கள் திரை விட்டுத் திரை தாவும், பிளக்கை ஒரு தடவை எடுத்துப் போட்டால் எல்லாம் மறுபடி இடம் மாறும், இதற்கு நடுவில் யாரோ அனுப்பிய மெசேஜ் பெரிய திரையில் வந்து நிற்கும். கூட்டம் அதைப் படிக்கும். என்டிஐயில் புரோகிராமின் அவுட்புட் மட்டும்தான் போகிறது, மவுஸ் அம்பு எங்கே அலைந்தாலும் யாருக்கும் கவலையில்லை.

சரி, என்டிஐயின் தலைவலிகளுக்கு வருவோம். முதல் விதி, வைஃபை வேண்டாம். அரங்கில் இருக்கும் நெட்வொர்க்கும் வேண்டாம், அதை வைத்திருப்பவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் சரி. என்டிஐ மூலங்கள் ஒன்றையொன்று கண்டுபிடிப்பது எம்டிஎன்எஸ் வழியாக, அதாவது நெட்வொர்க்கில் தன் பெயரைத் தானாக அறிவிக்கும் முறை வழியாக. பெரிய இடங்களின் நெட்வொர்க்கில் அது பெரும்பாலும் தடுக்கப்பட்டிருக்கும், அப்போது கேபிள் சரியாக இருக்கும், விளக்கு மினுக்கும், பட்டியல் மட்டும் காலியாக இருக்கும். சொந்தமாக ஒரு சின்ன ஜிகாபிட் ஸ்விட்ச் பையில் இருக்கட்டும். விண்டோஸ் புதிய நெட்வொர்க்கை ‘பப்ளிக்’ என்று எடுத்துக்கொண்டு ஃபயர்வாலை மூடிவிடும், அதைப் ‘பிரைவேட்’ ஆக்குங்கள். வைஃபையும் ஈதர்நெட்டும் ஒரே நேரத்தில் இயங்கினால் எந்தப் பாதையில் போவது என்று குழம்பும், வைஃபையை அணைத்துவிடுங்கள். இவ்வளவும் செய்த பிறகு, இலவசமாகக் கிடைக்கும் என்டிஐ டூல்ஸில் உள்ள டெஸ்ட் பேட்டர்ன்ஸை ஒரு கம்ப்யூட்டரிலும் ஸ்டூடியோ மானிட்டரை இன்னொன்றிலும் திறந்து பாருங்கள். அதில் வண்ணப் பட்டைகள் வந்துவிட்டால் நெட்வொர்க் சரி, இனி பிரச்சினை வந்தால் உங்கள் புரோகிராமில் தேடலாம்.

அப்புறம் சிபியு. கிராஃபிக்ஸ் கார்டில் உருவான படத்தைக் கீழே இறக்கி, சுருக்கி, அனுப்பி, அந்தப் பக்கம் விரித்து, மறுபடி கிராஃபிக்ஸ் கார்டில் ஏற்ற வேண்டும். ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் லேப்டாப்பில் என்டிஐ அவுட்புட்டையும் போட்டால் ஃபிரேம் ரேட் சரிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரே மெஷினில் இரண்டு புரோகிராம்களுக்கு நடுவே என்டிஐ ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் புரிவதே இல்லை, ஒரே மெஷினுக்குள் படத்தைப் பகிர விண்டோஸில் ஸ்பவுட்டும் மேக்கில் சைஃபனும் எதற்கு இருக்கின்றன? அவை படத்தைக் கிராஃபிக்ஸ் கார்டை விட்டு வெளியே எடுப்பதே இல்லை.

கேமரா என்று வந்தால் கதை வேறு, ஏனென்றால் அங்கே தாமதம்தான் எல்லாம். டிரம்மரின் கை ஸ்னேரில் விழுவதும் பின்னால் இருக்கும் திரையில் அதே கை விழுவதும் ஒரே கண்ணில் படுகிறது, குச்சி ஏற்கெனவே மேலே எழும்பிவிட்ட பிறகு திரையில் அது இறங்கினால் யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். 60 ஃபிரேமில் ஒரு ஃபிரேம் என்பது 16.7 மில்லிசெகண்ட். கேமராவுக்குள் ஓரிரண்டு, கார்டில் இரண்டு மூன்று, புரோகிராமில் ஒன்று, புரொஜெக்டரிலோ எல்இடி புராசசரிலோ இன்னும் ஒன்றிரண்டு என்று சேர்த்தாலே நூறு மில்லிசெகண்டை நெருங்கிவிடுகிறோம். இதன்மேல் கேமராவின் எச்டிஎம்ஐயை ஒரு பெட்டி வழியாக என்டிஐ ஆக்கி, திரும்ப விரித்து, இன்னும் சில ஃபிரேம்களைச் சேர்ப்பது எதற்கு? அதுவும் என்டிஐயின் எச்எக்ஸ் வகை என்றால், எச்.264 அல்லது எச்.265 என்ற சுருக்கு முறைகளில் இன்னும் இறுக்கமாகச் சுருக்குவதால், தாமதம் கூடுகிறது. அளந்து பார்ப்பதும் சுலபம்: மொபைலில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு அதன் மேல் கேமராவைத் திருப்புங்கள், மொபைலும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி இன்னொரு மொபைலில் ஒரு படம் எடுங்கள், இரண்டு எண்களையும் கழித்தால் மொத்தத் தாமதம். நாலைந்து படம் எடுப்பது நல்லது, எண் கொஞ்சம் முன்னே பின்னே வரும்.

கார்டுகளில் எது? மேசைக் கம்ப்யூட்டர் என்றால் உள்ளே செருகும் பிளாக்மேஜிக் டெக்லிங்க், நம்பகமானது, ஆனால் வருவதை அப்படியே கொடுக்கும், அளவு மாற்றித் தராது, கேமரா நொடிக்கு 59.94 ஃபிரேமில் அனுப்புகிறதா 60இல் அனுப்புகிறதா என்பதையெல்லாம் நீங்கள்தான் கவனிக்க வேண்டும். லேப்டாப்புக்கு மேஜ்வெல்லின் யுஎஸ்பி கேப்சர், டிரைவர் எதுவும் கேட்காது, எந்த அளவில் வந்தாலும் உள்ளேயே மாற்றிக் கொடுத்துவிடும். விருந்தாளிகள் எதைக் கொண்டுவந்து செருகுவார்கள் என்று தெரியாத மேடைக்கு இதுதான் என் தேர்வு. எல்காட்டோ கேம் லிங்க் 4கே ஒற்றைக் கேமராவுக்குப் போதும்.

பெயர் தெரியாத மலிவு ஸ்டிக்குகளிடம் மட்டும் ஜாக்கிரதை. பெட்டியில் 4கே என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும், அது உள்ளே ஏற்றுக்கொள்ளும் அளவு. யுஎஸ்பி 2.0இன் உச்சமே 480 மெகாபிட், மேலே சொன்ன 2 ஜிகாபிட் அதில் எப்படிப் போகும்? படத்தை ஜேபெக்காக நசுக்கி, பெரும்பாலும் 1080பியில் 30 ஃபிரேம்தான் தரும். ஒத்திகைக்கு வைத்துக்கொள்ளலாம். கறுப்புத் திரை வந்தால் ஸ்டிக்கைத் திட்டுவதற்கு முன் காப்பி எடுப்பதைத் தடுக்கும் எச்டிசிபி பாதுகாப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். பிளேஸ்டேஷனில் அதை அணைக்க செட்டிங்ஸிலேயே வழி இருக்கிறது.

கேபிளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எச்டிஎம்ஐ பிளக்குக்குப் பூட்டு கிடையாது, யாராவது காலில் தட்டினால் பாதி வெளியே வந்து நிற்கும், படம் ஒரு கணம் போய்த் திரும்பி வரும், காரணம் கண்டுபிடிப்பதற்குள் பாட்டு முடிந்துவிடும். நீளமும் பத்துப் பதினைந்து மீட்டரைத் தாண்டினால் சந்தேகம்தான். கேமரா தூரத்தில் இருந்தால் ஒரு சின்ன கன்வர்ட்டர் போட்டு எஸ்டிஐ ஆக்கிவிடுங்கள், அதன் பிஎன்சி பிளக் திருகிப் பூட்டிக்கொள்ளும், நல்ல கேபிளில் 1080பி 60 ஃபிரேம் நூறு மீட்டர் வரை போகும்.

வாங்கும்போது லூப் அவுட் இருக்கிற கார்டாகப் பாருங்கள். உள்ளே வரும் படத்தை அப்படியே வெளியே விடும் அந்த ஒரு துளைக்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் பரவாயில்லை. புரோகிராம் முடங்கினால் அதிலிருந்து நேராக ஒரு கேபிளைப் புரொஜெக்டருக்குச் செருகிவிட்டு, கேமரா படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரீஸ்டார்ட் செய்யலாம்.